4350-க்குப் பதில் இன்னொரு 4350: ரைபிள் தோட்டாவில் பவுடர் மாற்றும்போது

போன வாரம் காலை ஆறரை மணி இருக்கும். சந்தூர் பக்கம் எங்கள் தோப்பில் பெங்களூரா காயை எடை போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். டெக்சாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் தன் ரைபிளுக்கு வீட்டிலேயே தோட்டா செய்பவர். கடை அலமாரியில் ஒரு பவுடர் டப்பா, அதாவது தோட்டாவுக்குள் போடும் மருந்து, அதன்மேல் ஐ.எம்.ஆர் 4350 என்று எழுதியிருக்கிறது. கீழே கேள்வி: "மச்சான், நான் போடுறது எச் 4350. அது எங்க தேடியும் கிடைக்கல. இதுவும் 4350 தானே, அதே எடை போட்டுக்கலாமா?"

போடக் கூடாது. டப்பாவை வாங்கலாம், அந்தப் பவுடரில் நல்ல தோட்டாவும் செய்யலாம், ஆனால் பழைய எடையை அப்படியே எடுத்து இதில் போடக் கூடாது. இதை உடனே பதிலாக அனுப்பிவிட்டேன். "ஏன்"என்று திருப்பிக் கேட்டார். அந்த ஏனுக்கு அன்று சாயங்காலம் போனில் ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கும் நம் ஆட்கள் சிலர் உண்டு, அவர்களுக்கு உதவும். நானும் அங்கே பதினோரு வருடம் இருந்தவன், ஒரு .308 ரைபிளுக்கு வார இறுதியில் கராஜில் உட்கார்ந்து தோட்டா செய்தவன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இதை இங்கே செய்து பார்க்க நினைக்காதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருப்பது தோட்டா செய்வதற்கான லைசென்ஸ் ஆகாது. அந்தச் சட்டத்தில் 'அம்யூனிஷன்' என்ற சொல்லுக்குள் தோட்டா செய்யும் இயந்திரமும் உதிரிகளும்கூட அடங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது சட்டத்தைவிட அவசரம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலைப்பக்கம் பன்றி விரட்டுகிறேன் என்று நாட்டுத் துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவர்கள் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதில் போடுவது கருமருந்து. நான் இங்கே பேசும் பவுடர் புகையில்லா மருந்து, நைட்ரோசெல்லுலோஸில் செய்தது. இரண்டும் கறுப்பாக, பொடியாக இருப்பதால் ஒன்றுக்குப் பதில் ஒன்று போடலாம் என்று யாராவது நினைத்தால் குழாய் கையிலேயே வெடிக்கும். கருமருந்துக் குழாய் தாங்கும் அழுத்தம் வேறு, புகையில்லா மருந்து எழுப்பும் அழுத்தம் வேறு, அங்கே "கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம்"என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பதே சட்டப்படி தப்பு என்பது தனிக் கதை, ஒப்படைத்துவிடுவதுதான் நல்லது.

சரி, மாப்பிள்ளை கதைக்கு வருவோம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது

ஐ.எம்.ஆர் என்பது டூபாண்ட் கம்பெனி வைத்த பெயர், 'மேம்படுத்தப்பட்ட ராணுவ ரைபிள்' பவுடர் என்று பொருள். 3031, 4064, 4350, 4895 எல்லாம் அவர்கள் கொடுத்த எண்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபிறகு ராணுவத்தில் மிஞ்சிக் கிடந்த பவுடரை புரூஸ் ஹாட்ஜன் என்பவர் மொத்தமாக வாங்கி, சில்லறையில் விற்க ஆரம்பித்தார். முதலில் விற்றது 4895, பிறகு 4831. பழைய சரக்கு தீர்ந்ததும் அதே மாதிரி ஒன்றைப் புதிதாகச் செய்ய வைத்து, பெயருக்கு முன்னால் தன் எழுத்தான 'எச்' சேர்த்துக்கொண்டார். இப்படித்தான் ஒரே எண்ணில் இரண்டு குடும்பம் வந்தது. 2003-இல் ஹாட்ஜன் கம்பெனியே ஐ.எம்.ஆர் பெயரையும் வாங்கிக்கொண்டதால் இப்போது ஒரே கம்பெனி இரண்டு 4350-ஐயும் இரண்டு 4895-ஐயும் தன் பெயரிலேயே விற்கிறது. புது ஆள் குழம்பாமல் என்ன செய்வான்.

எச் 4350 ஆஸ்திரேலியாவில் செய்யப்படுவது. அங்கே அதே பவுடர் ஏ.ஆர் 2209 என்ற பெயரில் விற்கிறது. வெயிலிலும் குளிரிலும் வேகம் அதிகம் மாறாதபடி செய்த வரிசையில் அது ஒன்று. ஐ.எம்.ஆர் 4350 அந்த வரிசையில் இல்லாத, வேறு தொழிற்சாலைச் சரக்கு. அக்யூரேட் என்ற பெயரிலும் ஒரு 4350 உண்டு, அது மூன்றாவது. நம் தோப்பிலேயே பெங்களூராவும் அல்போன்சாவும் மாம்பழம்தான், கூழ் தொழிற்சாலைக்காரன் பெங்களூராவுக்குப் போடும் சர்க்கரைக் கணக்கை அப்படியே அல்போன்சாவுக்குப் போடமாட்டான், முதலில் மீட்டரில் இனிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பான்.

உண்மையிலேயே ஒன்றாக இருப்பவையும் உண்டு. எச் 110-உம் வின்செஸ்டர் 296-உம் ஒரே பவுடர், இரண்டு டப்பா. எச் 414-உம் வின்செஸ்டர் 760-உம் அப்படித்தான். ஆஸ்திரேலியப் பெயரில் ஏ.ஆர் 2208 என்பது அமெரிக்காவில் வார்கெட், ஏ.ஆர் 2206எச் என்பது எச் 4895, ஏ.ஆர் 2217 என்பது எச் 1000. எந்தத் தோட்டாவுக்கு எந்தப் பவுடர் எவ்வளவு எடை என்று சொல்வது லோடு புத்தகம், மெல்போர்னில் இருப்பவர் அமெரிக்க லோடு புத்தகத்தைப் பார்க்க இந்தப் பட்டியல் போதும். ஆனால் கவனியுங்கள், இந்த இரட்டைகளில் ஒரு ஜோடிக்குக்கூட எண் ஒன்றாக இல்லை, எண் ஒன்றாக இருக்கும் ஜோடிகளோ இரட்டை இல்லை. எண்ணைப் பார்த்து முடிவு செய்வது எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

இரட்டை என்று தெரிந்தாலும்கூட உச்ச அளவுக்குப் பக்கத்தில் தோட்டா செய்பவர் டப்பா மாறும்போது கொஞ்சம் இறங்கி வந்து மீண்டும் ஏறுவதுதான் வழக்கம். ஒரே பெயரில் லாட் எண், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கின் எண், மாறினாலும் இதையே செய்யுங்கள். சில்லறைக்கு வரும் பவுடரை ஒவ்வொரு லாட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருக்குமாறு கலந்து, சோதித்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். ஏறக்குறைய என்ற சொல்லை மறக்காதீர்கள்.

எரியும் வேகப் பட்டியல்

மாப்பிள்ளையின் அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். "பட்டியல்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான மச்சான் இருக்கு?"

இருக்கிறது. பவுடர்களை வேகமாக எரிவதிலிருந்து மெதுவாக எரிவது வரை வரிசையாக அடுக்கும் அந்தப் பட்டியல் வகுப்பில் யார் முதல் ரேங்க், யார் இரண்டாம் ரேங்க் என்று சொல்வது மாதிரி, மதிப்பெண் சொல்லாது. ஐம்பதாவது இடத்துக்கும் ஐம்பத்தொன்றாவது இடத்துக்கும் இடையே ஒரு மயிரிழை இருக்கலாம், ஒரு முழமும் இருக்கலாம். பவுடரை நிரப்பும் பித்தளைக் கூடுதான் கேஸ், அதன் முனையில் செருகி, சுட்டதும் பறந்து போவது குண்டு. மூடிய பாத்திரத்தில் எரித்து அளந்த வேகம் உங்கள் கேஸுக்குள், உங்கள் குண்டின் எடைக்குப் பின்னால் அப்படியே இருக்கும் என்று சொல்லவும் முடியாது. கேஸ் சிறியதானால், குண்டு கனமானால், வரிசையே இடம் மாறும். ஒரு கம்பெனிப் பட்டியலையும் இன்னொரு கம்பெனிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது.

அந்தப் பட்டியல் உதவுவது ஒன்றுக்குத்தான்: என் பவுடர் கிடைக்கவில்லை, எந்த எந்தப் பவுடருக்கு லோடு புத்தகத்தில் தேடலாம் என்று நான்கு பெயர் பொறுக்க. அதற்குப் பிறகு அதை மூடி வைத்துவிட வேண்டும். பட்டியலை வைத்துக்கொண்டு எடையைக் கணக்குப் போடுபவரைப் பார்த்தால், சுட்டுப் பழகும் ரேஞ்சில் நான் நான்கு மேசை தள்ளி உட்காருவேன்.

பவுடரின் உடலும் வேறு. சிலது நறுக்கிய குச்சி மாதிரி, சிலது கடுகு மாதிரி உருண்டை, சிலது செதில். சிலவற்றில் நைட்ரோகிளிசரின் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. குச்சியின் நீளம், நடுவில் உள்ள துளை, மேலே பூசியிருக்கும் எரிதடுப்புப் பூச்சு இதெல்லாம் சேர்ந்துதான் வேகம். டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் இரண்டு 4350-உம் சாம்பல் நிறக் குச்சிதான், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

படி வேறு, எடை வேறு

ராகியையும் பொரியையும் ஒரே படியில் அளந்தால் எடை ஒன்றாக வருமா? பவுடர் மெஷர் என்ற கருவி அளப்பது படிக்கணக்கில்தான். மேலே கொட்டி, கைப்பிடியை இழுத்தால் ஒரு குறிப்பிட்ட கொள்ளளவு கீழே விழும். பவுடர் மாறினால் அதே திருகு நிலையில் வேறு எடை விழும். குச்சியிலிருந்து உருண்டைக்கு மாறினால் வித்தியாசம் இன்னும் பெரிதாகவே இருக்கும். அதனால் பவுடர் மாற்றிய அன்று மெஷரின் பழைய குறி எதையும் நம்பாமல், முதல் பத்து முறை விழுவதைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேஸுக்குள் கொட்ட வேண்டும். தராசையும் முதலில் சோதனைக் கல்லை வைத்துச் சரிபாருங்கள்.

இங்கே எடை என்பது கிரெயின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் 0.0648 கிராம். நகைக்கடை மொழியில் சொன்னால் ஒரு பவுன் தங்கம் சுமார் 123 கிரெயின். இங்கே அரை கிரெயின் கூடுவதும் குறைவதும் பேச்சுக்குரிய விஷயம், ஆகவே கைத்தராசு மனநிலையோடு உட்காரக் கூடாது.

பவுடர் மாற்றும் முறை

முதலில் புத்தகம். புதுப் பவுடருக்கு, உங்கள் தோட்டா வகைக்கு, உங்கள் குண்டின் எடைக்கு, முடிந்தால் அதே வகைக் குண்டுக்கே பவுடர் கம்பெனியோ குண்டு கம்பெனியோ வெளியிட்ட லோடு அளவைத் தேடுங்கள். ஹாட்ஜன் தன் அளவுகளை இணையத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறது. ஈயம் உள்ளே இருக்கும் குண்டுக்கு வெளியிட்ட அளவை முழுச் செம்புக் குண்டுக்குப் போடாதீர்கள், செம்புக் குண்டு அதே எடைக்கு நீளமாக இருக்கும், கேஸுக்குள் அதிக இடம் பிடிக்கும், அழுத்தம் மாறும். ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் சொல்லும் அளவு, யாரோ எங்கேயோ எழுதிய அளவு இதெல்லாம் கேட்டுக்கொள்ளலாம், கேஸில் போடக் கூடாது. நான் இங்கே ஒரு லோடு எண்கூட எழுதாமல் இருப்பதும் அதனால்தான்.

புத்தகத்தில் அந்தப் பவுடரே இல்லை என்றால் அந்தப் பவுடர் உங்களுக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும், ஊகித்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

அடுத்தது, பவுடரைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். அதே கேஸ், அதே பிரைமர் (கேஸின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), அதே குண்டு, அதே மொத்த நீளம். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. குறிப்பாகப் பிரைமர். சாதாரண பிரைமரிலிருந்து மேக்னம் பிரைமருக்குப் போனாலே அழுத்தம் ஏறக்கூடும். கேஸிலும் கவனம் வேண்டும், ராணுவ 7.62 கேஸின் சுவர் பொதுவாகத் தடிமன், உள்ளே இடம் குறைவு, .308 கேஸில் சரியாக இருந்த அளவு அதில் இறுக்கமாகிவிடும்.

பிறகு தொடக்க அளவு. புத்தகத்தில் தொடக்க அளவும் உச்ச அளவும் கொடுத்திருப்பார்கள். உச்சம் மட்டும் கொடுத்திருந்தால் ரைபிள் பவுடருக்குப் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம், அதாவது உச்சம் நூறு பங்கு என்றால் தொண்ணூறில் தொடங்க வேண்டும். உங்கள் பழைய பவுடரில் எந்த எடை குண்டுகளை அருமையாக ஒரே இடத்தில் நெருக்கமாகப் போட்டது என்பதை அன்றைக்கு மறந்துவிடுங்கள். அந்த எண் மனதில் உட்கார்ந்திருந்தால் கை தானாக அதை நோக்கிப் போகும். என் கை போயிருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தொண்ணூறுக்கும் கீழே இறங்கினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். புது ஆள் யாரும் நம்பாத விஷயம் இது. மெதுவாக எரியும் பவுடரைப் பெரிய கேஸில் நிறைய இடம் காலியாக விட்டுப் போட்டால் நெருப்பு சரியாகப் பற்றாமல் தாமதமாக வெடிக்கலாம், குண்டு குழாயிலேயே நின்றுவிடலாம், சில நேரம் அழுத்தம் எதிர்பாராமல் எகிறவும் செய்யும். புத்தகத்தின் தொடக்க அளவுதான் தரை. விதிவிலக்காக, எச் 4895-ஐ உச்சம் நூறு பங்கு என்றால் அறுபது பங்கு வரை இறக்கிப் போடலாம் என்று அதன் கம்பெனியே சொல்கிறது, சிறுவர்கள் சுட மென்மையான தோட்டா செய்ய. அந்தச் சலுகை எச் 4895-க்குத்தான், ஐ.எம்.ஆர் 4895-க்கு அவர்கள் அதைச் சொல்லவில்லை. மறுபடியும் ஒரே எண், வேறு சட்டம்.

தொடக்க அளவிலிருந்து .308 மாதிரி கேஸுக்கு 0.3 முதல் 0.5 கிரெயின் படிகளாக ஏறலாம். ஒவ்வொரு படிக்கும் மூன்று தோட்டா போதும், எட்டுப் படி என்றால் இருபத்துநான்கு. ஒவ்வொரு மூன்றையும் தனிப் பையில் போட்டு எடையை எழுதுங்கள், கேஸ் மேலேயே மார்க்கரில் எழுதினால் இன்னும் நல்லது, ரேஞ்சில் காற்றடித்துப் பை கவிழ்ந்தால் தெரியும் அருமை. குறைந்த எடையிலிருந்து வரிசையாகச் சுட வேண்டும், அவசரப்பட்டு நடுவிலிருந்து தொடங்கக் கூடாது. ஏதாவது ஒரு படியில் சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்தி, மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்து குண்டைக் கழற்றிப் பவுடரைக் கொட்டிவிடுங்கள். செய்த தோட்டா வீணாகிறதே என்று சுட்டுத் தீர்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

அழுத்தம் என்ன சொல்கிறது

.308-க்கும் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகைக்கும் அமெரிக்கத் தொழில் அமைப்பு வைத்திருக்கும் அழுத்த வரம்பு 62,000 பி.எஸ்.ஐ. உங்கள் கார் டயரில் அடிக்கும் காற்று முப்பத்திரண்டு. அதுபோல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நடக்கிறது, பித்தளைக் கேஸும் அதன் பின்னால் பூட்டிக்கொள்ளும் போல்ட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இனி என் கதை. .308-க்கு வருடக்கணக்கில் ஐ.எம்.ஆர் 4895 போட்டு வந்தேன். ஒருமுறை அது கிடைக்காமல் எச் 4895 வாங்கினேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு. தொடக்க அளவில் மூன்று சுட்டேன், நன்றாக இருந்தது. வெயிலில் பொறுமை போய்விட்டது, நடுவில் நாலு படியைத் தாண்டி என் பழைய எடைக்கே போய்விட்டேன். சுட்டதும் சத்தம் கொஞ்சம் கூர்மையாக இருந்தது. போல்ட் கைப்பிடியைத் தூக்கினால் வரவில்லை. உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தேன். வெளியே வந்த கேஸின் பின்பக்கத்தில் பிரைமர் ஓரம் மழுங்கித் தேய்ந்த காசு மாதிரி தட்டையாகியிருந்தது, பக்கத்தில், சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை வட்டம் பளபளவென்று அச்சாகப் பதிந்திருந்தது. புத்தகத்தைத் திறந்து பார்த்தால் என் குண்டுக்கு எச் 4895-இன் உச்ச அளவு என் பழைய எடைக்குக் கீழே. அந்தக் கேஸில் பிரைமர் குழி தளர்ந்துபோயிருந்தது, புதுப் பிரைமர் விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. அதை ஆணியில் மாட்டி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தேன், ஊருக்கு வரும்வரை.

ஆகவே பார்க்க வேண்டியவை: போல்ட் கனமாகத் தூக்குவது, எஜெக்டர் அச்சு, தட்டையான அல்லது ஊசி முனையைச் சுற்றி வரம்பு கட்டிய பிரைமர், கேஸ் அடிப்பக்கத்தில் பளபளப்பு. ஆனால் இவையெல்லாம் தாமதமாக வரும் அறிகுறிகள். பல ரைபிள்களில் வரம்பைத் தாண்டிய பிறகுதான் இவை தலைகாட்டும். பிரைமர் தட்டையாகாததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது, மென்மையான பிரைமர் என்றால் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகவும் செய்யும்.

அதனால்தான் வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இப்போது சின்ன ரேடார் பெட்டியாகவே வருகிறது. புத்தகம் உச்ச அளவுக்கு நொடிக்கு 2,700 அடி என்கிறது, நீங்கள் இரண்டு படி கீழே இருக்கும்போதே 2,700 வந்துவிட்டது என்றால் அதுதான் உங்கள் உச்சம், அங்கேயே நின்றுவிட வேண்டும். வேகம் சும்மா வராது, அழுத்தம் கொடுத்துத்தான் வரும். புத்தகத்துச் சோதனைக் குழாய் பெரும்பாலும் 24 அங்குலம் இருக்கும், உங்களுடையது 20 என்றால் அங்குலத்துக்கு இருபது முப்பது அடி குறைத்துத்தான் எதிர்பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு புத்தக வேகத்தைத் துரத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஜனவரிக் குளிரில் ஏறிப் பார்த்து உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய லோடை ஆகஸ்டில் 38 டிகிரி வெயிலில் சுட்டால் அதே லோடு இல்லை. எச் 4350 போட்டுப் பழகிய மாப்பிள்ளைக்கு இது புதுசு, ஏனென்றால் அந்தப் பவுடர் வெப்பத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. மாறியதும் இந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டும்: தோட்டாப் பெட்டி நிழலில், சுட்டுச் சூடான சேம்பரில், அதாவது குழாயில் தோட்டா உட்காரும் அறையில், தோட்டாவை ஏற்றி வைத்துக்கொண்டு கதை பேசக் கூடாது.

மேசை ஒழுங்கு

மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. இரண்டாவது டப்பா அலமாரியில், மூடி, கதவுக்குப் பின்னால். இதைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மெஷரில் மிச்சமிருப்பதை அது வந்த டப்பாவிலேயே கொட்டி மூடுங்கள். இரவு முழுக்க மெஷரில் விட்டால் சில பவுடர் பிளாஸ்டிக்கையே மங்கலாக்கும், அதைவிட மோசம் மறுநாள் காலையில் அது எந்தப் பவுடர் என்ற கேள்வி. ஒருமுறை வார்கெட் மிச்சத்தை வேறொரு டப்பாவில் கொட்டிவிட்டேன், கொட்டிய அந்த நொடியே தெரிந்துவிட்டது, ஆனால் பிரிக்க வழியில்லை. முக்கால் டப்பா போனது. மனைவி விலை கேட்டாள், பாதியாகச் சொன்னேன்.

அடையாளம் தெரியாத பவுடரை மோந்து பார்த்து, நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெயர் இல்லாத டப்பா என்றால் அது குப்பை. வேறு பாட்டிலுக்கு மாற்றி வைக்காதீர்கள், அசல் டப்பாவிலேயே இருக்கட்டும், திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். குளிர்ந்த, காய்ந்த இடம், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தூரம்.

செய்து முடித்த பெட்டியில் பவுடரின் முழுப் பெயர் இருக்க வேண்டும். "4350"என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து நீங்களே தலையைச் சொறிவீர்கள். முன்னால் இருக்கும் எழுத்து, லாட் எண், எடை, குண்டு, பிரைமர், கேஸ் பெயர், மொத்த நீளம், தேதி. குறி பார்க்கும் ஸ்கோப்பையும் திரும்ப ஜீரோ பண்ண வேண்டும், வேகம் ஒன்றாகவே வந்தாலும் குழாய் அதிர்வது மாறும், குண்டு வேறு இடத்தில் விழும்.

இத்தனையும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை சரி சரி என்று போனை வைத்தார். நானும் படுத்துவிட்டேன். இரவு பதினொன்றரைக்கு, அங்கே மதியம் ஒரு மணி, மறுபடி மெசேஜ்: "பழைய எச் டப்பால ஒரு நாப்பது தோட்டாவுக்கு மிச்சம் இருக்கு மச்சான். புதுசோட கலந்து குலுக்கிட்டா ஒரே மாதிரி ஆயிடும்ல?"

எழுந்து உட்கார்ந்து போன் போட்டேன். இரண்டு பவுடரைக் கலந்தால் வருவது மூன்றாவது பவுடர், அதற்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் லோடு இல்லை, டப்பாவை மேசையில் வைத்து ஆட்டினாலே கனமானதும் லேசானதும் பிரிந்து ஒவ்வொரு தோட்டாவிலும் வேறு வேறு விகிதம் போகும். அந்த நாற்பதையும் பழைய எடையிலேயே பழைய முறையிலேயே செய்து, பெட்டியில் எச் என்று பெரிதாக எழுதி, அடுத்த மாதப் போட்டிக்குத் தனியாக வைக்கச் சொன்னேன். புது டப்பாவை அந்தப் பெட்டி மூடிய பிறகு திறக்கச் சொன்னேன்.

"டப்பாவத் தொறந்துட்டேனே மச்சான்"என்றார்.

"கலந்துட்டீங்களா?"

"இல்ல, தொறந்து மோந்து பாத்தேன். ரெண்டும் ஒரே வாசம்."

மூடி இறுக்கி அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.